மூட்டை ஏத்தாத வண்டி

உக்காரு கண்ணு. அந்த லிஸ்ட்டையும் எடுத்துக்கிட்டு வா, ஒளிக்காதே. நேத்து ராத்திரி நீ தூங்கப் போன பொறகு நான் பாத்துப்போட்டேன்.

மொதல்ல ஒரு பாராட்டு. 1971 மாடல் செவ்ரலே சி10 வாங்கியிருக்கறே. உன்ற அப்பன் பொறக்கறதுக்கு முன்னாடியே ரோட்டுல ஓடின வண்டி. வைக்கோல் கட்டும் மாட்டுத்தீவனமும் வேலிக்கம்பியும் ஏத்தறதுக்குன்னு செஞ்சது. அதைய வாங்கி, பின்னாடி தொட்டியில ஒரு முருங்கைக்காய்கூட ஏத்தாம, ஞாயித்துக்கிழமை காலங்காத்தால காலிப் பார்க்கிங் மைதானத்துல ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவுல வளைச்சு வளைச்சு ஓட்டப்போறே. அதுக்குப் பேரு ஆட்டோகிராஸ். நல்லது சாமி. படிச்ச புள்ளைக்கு ஏத்த வேலை.

சட்டதிட்டத்தையும் கேட்டு வெச்சிருக்கறேன். ஒவ்வொரு வண்டியா ஓடோணும். எவனும் எவனையும் தொரத்தறதில்ல, கடியாரத்தோட மட்டும்தான் சண்டை. ஒரு ஓட்டம் ஒரு நிமிசம், சித்த முன்னப்பின்ன. கூம்பைத் தட்டினா, கூம்புக்கு ரெண்டு செகண்டு சேத்துக்குவாங்க. வழி தப்பினா அந்த ஓட்டமே கணக்குல வராது. பொழுதுக்கும் நின்னா நாலஞ்சு ஓட்டம் கெடைக்கும். மிச்ச நேரத்துக்கு? மத்தவன் தட்டிவிட்ட கூம்பை வெயில்ல ஓடி ஓடி எடுத்து நிறுத்தோணும். அதுவும் நாம காசு கட்டிப்போட்டு! ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா இதுக்குன்னு 1973-லிருந்து தேசியப் போட்டியே நடத்துதாம். ஊர்ல உன்ற பெரியப்பன் கடலைக்காட்டுக்குக் களையெடுக்க ஆள் கெடைக்கலைன்னு பொலம்பிக்கிட்டிருக்கறான். இந்த ஏற்பாட்டை அவன் காதுல போட்டு வெக்கோணும். நுழைவுக்கட்டணம் வாங்கிக்கிட்டுக் களையெடுக்க விடலாம் பாரு.

இப்ப உன்ற லிஸ்ட்டு. மொத வரி, எல்எஸ்3 எஞ்சின். 6.2 லிட்டரு, 430 குதிரை. ரெண்டாவது வரி சைலென்சர், காலனி சங்கத்துக்காரங்க நோட்டீசு ஒட்டற அளவுக்குச் சத்தம் போடறது. மூணாவது பெயின்ட்டு. நாலாவது 20 இன்ச்சு சக்கரம், குரோம் பூசினது. டயர் எங்கடான்னு தேடினேன். கடைசி வரியில இருக்குது, பக்கத்துல ஒரு கேள்விக்குறியோட. பிரமாதம். பூமியைத் தொடறது ஒண்ணே ஒண்ணு, அதுக்குக் கேள்விக்குறி.

அந்த 430 குதிரையையும் எங்க அவுத்துவிடப்போறே? அந்தப் பாதையில நேரா ஓடற எடமே கொஞ்சம். பாதி வண்டிங்க ரெண்டாவது கியரை விட்டு மாறாமலே ஓடி முடிச்சிருது. மணிக்கு 60 மைலைத் தொட்டா அன்னிக்கு வேகமான பாதைன்னு பேசிக்குவாங்க. ஆனாலும் குதிரை கூட இருக்கறதுல ஒரு லாபம் இருக்குது, இல்லைன்னு சொல்லமாட்டேன். கூம்பு வரைக்கும் சீக்கிரமாப் போய்ச் சேந்துரலாம். கூம்பு மேலேயே போய்ச் சேந்துரலாம்.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. இந்தக் கிறுக்கு உனக்கு மட்டும் புடிச்சதில்ல. இந்த ஊர்ல பெரிய கம்பெனிக்காரனுக்கே புடிச்சிருக்குது. 1991-ல ஜிஎம்சிக்காரன் சைக்ளோன்னு ஒரு குட்டி பிக்கப்பு விட்டான். 4.3 லிட்டரு, ஆறு சிலிண்டரு, டர்போ வெச்சு 280 குதிரை, நாலு சக்கரத்துக்கும் இழுவை. ஒரு பத்திரிகைக்காரன் அதைய ஃபெராரியோட கால் மைல் ஓட்டிப் பாத்தான், ஃபெராரி பின்னாடி நின்னுச்சு. சரி, அந்த வீரன் எவ்வளவு பாரம் தூக்குவான்? 500 பவுண்டு! நம்ம கணக்குல மூணு நெல்லு மூட்டை. அதுக்கு மேல ஏத்தாதேன்னு கம்பெனிக்காரனே சொல்லிப்போட்டான், மண்ரோட்டுலயும் எறக்காதேன்னுட்டான். பின்னால 2004-ல டாட்ஜ்காரன் வந்து, வைப்பர் காரோட 8.3 லிட்டர் பத்து சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி ராம் பிக்கப்புல வெச்சான், 500 குதிரை. டொயோட்டாக்காரன் 2005-ல டக்கோமா எக்ஸ்-ரன்னர்னு ஒண்ணு விட்டான். அவன் ஒருத்தன்தான் புத்தியோட, எஞ்சினை விட்டுப்போட்டுச் சேசுக்கு அடியில குறுக்குமறுக்கா இரும்பு குடுத்து முறுக்காம கட்டினான். அந்தப் புத்தி உன்ற லிஸ்ட்டுல எந்த வரியிலயும் காணோம்.

நேத்துச் சாயங்காலம் நீ ஆபீசு மீட்டிங்குல இருந்தப்ப நான் உன்ற வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தேன். உங்க ஆத்தா மேல சத்தியமா, இடுப்பு ஒண்ணும் புடிக்கலை. திருச்செங்கோட்டுல பொறந்தவனுக்கு லாரிக்கு அடியில படுக்கறது தொட்டில்ல படுக்கற சமாச்சாரம். பின்பக்கம் லாரிக்கு இருக்கற மாதிரி பட்டை ஸ்பிரிங்கு இருக்கும்னு கையை விட்டுத் தடவினேன். பட்டையே இல்லடா! யூ போல்ட்டு இல்ல, சென்டர் போல்ட்டு இல்ல, ஷேக்கிளு இல்ல. ரெண்டு நீளக் கை, சேசுக்கு நடுவுல இருந்து கெளம்பிப் பின்னாடி ஆக்சிலைப் புடிச்சிருக்குது. கனத்தைத் தாங்கறது சுருள் ஸ்பிரிங்கு. உன்ற சினேகிதன் வந்திருந்தானே, அவன்கிட்டக் கேட்டேன். அதே வருசத்து ஜிஎம்சியில பட்டை வெச்சிருக்கறாங்களாம், செவ்ரலேயில இந்தக் கை ஏற்பாடாம். இதுல ஒரு வேடிக்கை கேளு. இங்க டிவியில வட்டம் வட்டமா ஓட்டறாங்களே நாஸ்கார், அந்தக் கப்புப் பந்தய வண்டிங்க 2021 வரைக்கும் இந்த லாரியோட பின்பக்க ஏற்பாட்டை வெச்சுத்தான் ஓடுச்சாம். 2022-லதான் மாத்தினாங்களாம். பந்தயக்காரனே லாரிகிட்ட இரவல் வாங்கியிருக்கறான். நீ என்னமோ லாரியைப் பந்தயக் காராக்கறேன்னு கெளம்பியிருக்கறே. அது ஏற்கனவே பாதி தூரம் போய்ப்போட்டு உனக்காகக் காத்துக்கிட்டிருக்குது.

அதனால பின்னாடி எதையும் அறுத்து எறியாதே. அந்த ரெண்டு கைக்கும் புது புஷ்ஷு போடு. ஆக்சிலு பக்கவாட்டுல நகராம ஒரு குறுக்குக் கம்பி புடிச்சிருக்குது பாரு, பான்ஹார்டு ராடு. அது கட்டையா இருக்குது. கட்டைக் கம்பி மேலயும் கீழயும் ஆடறப்ப சின்ன வட்டம் போடும், ஆக்சிலையும் கூடவே எடவலமா இழுக்கும். நீளமாப் போட்டா அந்த வளைவு குறையும். காசு கம்மி, பலன் எச்சு. உனக்குப் புடிக்காதுன்னு தெரியும், வெளிய தெரியாத சாமானாச்சே. போட்டோ எடுத்துப் போட முடியாது.

இனி உசரம். நீ இந்த உசரத்துலயே மைதானத்துக்குப் போனா, வாசல்லயே ஒருத்தன் ஏற எறங்கப் பாப்பான். குடை சாயற வண்டியை உள்ள விட மாட்டாங்க. அதுக்கு அமெரிக்காக்காரன் ஒரு கணக்கு வெச்சிருக்கறான், நம்ம லாரிக்காரனுக்குக் கண்ணாலேயே தெரிஞ்ச கணக்குத்தான். எடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள அகலத்துல பாதியை எடு. வண்டியோட கனம் எந்த உசரத்துல நிக்குதோ, அந்த உசரத்தால அதை வகு. காருங்களுக்கு 1.3-ல இருந்து 1.5 வரைக்கும் வரும். பிக்கப்பு, வேனு, உசரமான வண்டிக்கெல்லாம் 1-ல இருந்து 1.3. நம்பரு ஏற ஏற வண்டி தரையில நிக்கும். ஸ்பிரிங்கை எத்தனை முறுக்கா மாத்தினாலும் இந்த நம்பரு மாறாது கண்ணு. வளைவுல உள்பக்கச் சக்கரத்துல இருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போற கனத்தை முடிவு பண்றது உசரமும் அகலமும் வேகமும்தான். கெட்டி ஸ்பிரிங்கு போட்டா வண்டி சாயறது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. கனம் போய்க்கிட்டேதான் இருக்கும்.

அப்படிப் போனா என்ன மோசம்னு கேளு. ஒரு மூட்டை தூக்கற ஆளு குடுகுடுன்னு ஓடுவான். அவன் முதுகுலயே ரெண்டாவது மூட்டையையும் வெச்சா, வேலை ரெண்டு மடங்கு ஆகுமா? தள்ளாடி நிப்பான். டயரும் அந்த ஆளுதான். கனம் ரெண்டு மடங்கானா புடிப்பு ரெண்டு மடங்கு ஆகறதில்ல. வெளிப்பக்க டயரு திணற, உள்பக்க டயரு சும்மா நிக்க, மொத்தப் புடிப்பு குறைஞ்சுரும். பின்னாடி தொட்டி காலியா இருக்குதே, நாலு மணல் மூட்டை போட்டா ரோட்டைப் புடிக்கும்னு நீயும் உன்ற சினேகிதனும் பேசினது என்ற காதுல விழுந்துச்சு. பனியில ஊட்டுக்குப் போய்ச் சேர்றவனுக்கு அது சரி. உனக்கு அது ரெண்டாவது மூட்டை. அதோட, உருள்ற சாமானோட மைதானத்துல ஓடவும் விடமாட்டாங்க.

பின்பக்கம் கனம் வேணும்னா, வண்டியிலயே இருக்கற கனத்தை எடம் மாத்து. பேட்டரி முன்னாடி இருக்குது, அதைய ஆக்சிலுக்குப் பக்கத்துல கொண்டுபோய் அசையாமக் கட்டு. பெட்ரோல் டேங்கு எங்க இருக்குதுன்னு பாத்தயா? உன்ற முதுகுக்குப் பின்னாடி, கேபினுக்குள்ளயே! அந்தக் காலத்துல சிகரெட்டுப் புடிச்சுக்கிட்டே அதுக்கு முன்னாடி உக்காந்து ஓட்டியிருக்கறாங்க, மகராசனுங்க. அதைய எறக்கிப் பின்னாடி சேசு ரெண்டுக்கும் நடுவுல தொங்க விடறதுக்குன்னே டேங்கு விக்கறாங்க. கனமும் பின்னாடி போச்சு, உசரமும் எறங்கிப்போச்சு, உங்க ஆத்தாளுக்கும் நிம்மதி.

வண்டியை எறக்கறேன்னு ஸ்பிரிங்கைத் தீ வெச்சு அறுக்கறவனைப் பாத்திருக்கறேன். அவனைச் சாமி காப்பாத்தட்டும். முன்னாடிக்கு டிராப் ஸ்பிண்டில்னு ஒண்ணு கெடைக்குது. சக்கரத்தோட அச்சை மேல ஏத்தி வெச்சிருப்பான், வண்டி தானா எறங்கும், ஆனா கைகளோட கோணமும் ஸ்பிரிங்கு ஆடற எடமும் கெடாது. பின்னாடி ரொம்ப எறக்கினா ஆக்சிலு சேசுல போய் முட்டும். அந்த எடத்துல சேசைப் பொறை மாதிரி வெட்டி, சுத்தியும் கெட்டியாத் தகடு வெச்சு அடைக்கோணும். அளவோட எறக்கு. ரப்பர் கட்டையில போய் உக்கார்ற அளவுக்கு எறக்கினவனுக்கு ஸ்பிரிங்கே கெடையாது, நடு வளைவுல டயரு திடீர்னு கையை விரிச்சுரும். பாக்க மட்டும் ஜோரா இருக்கும். பார்க்கிங்குல நிறுத்தி வெச்சுப் பாக்கறதுக்குத்தான் வாங்கினேன்னா அப்படியே செய், நான் குறுக்க நிக்கலை.

ஷாக் அப்சர்வருக்குக் கஞ்சத்தனம் பண்ணாதே. ஸ்டெபிலைசர் கம்பி முன்னாடி தடிமனாப் போடு, பின்னாடியும் ஒண்ணு மெலிசாப் போட்டுப் பாரு. முன்கனம் எச்சான வண்டி, ஸ்டியரிங்கை ஒடிச்சாலும் நேராப் போகோணும்னுதான் அடம் புடிக்கும். பின்னாடிக் கம்பி அந்த அடத்தைச் சித்தக் குறைக்கும். ஒரேயடியாத் தடிமனாப் போட்டா உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கெளம்பி அந்தரத்துல சுத்தும், உன்ற 430 குதிரையும் அந்த ஒத்தைச் சக்கரத்துலயே புகையாப் போயிரும். அதுக்குத்தான் லிமிடெட் ஸ்லிப்பு டிஃப்ரன்ஷியலு. லிஸ்ட்டுல இல்லை, எழுதிக்கோ. பெயின்ட்டை அடிச்சுப்போட்டு அந்த எடத்துல எழுது.

பிரேக்கு விசயத்துல உனக்குக் குருட்டு அதிர்ஷ்டம். 1970 மாடல் வாங்கியிருந்தா நாலு சக்கரத்துக்கும் டிரம்மு. 71-லதான் முன்னாடி டிஸ்க்கு கம்பெனியிலேயே வந்துச்சு. பின்னாடி காலியா இருக்கறதுனால பின்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கும். பின்பக்கத்துக்குப் போற அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு இருக்குது, திருகிக் குறைச்சுக்கோ.

இப்பத்தான் டயரு. 20 இன்ச்சு குரோம் சக்கரம் உன்ற கல்யாணத்துக்கு ஆகும், அப்ப வாங்கிக்கலாம். இதுக்கு 17 இல்லைன்னா 18, எத்தனை அகலம் அடங்குமோ அத்தனை அகலம். டயரு மேல டிரெட்வேர்னு ஒரு நம்பரு போட்டிருப்பான். ரோட்டு டயர் வகுப்பு பெரும்பாலும் 200-க்குக் கொறையக்கூடாதுங்கறாங்க. அந்த 200-லயே நல்லதா வாங்கு. லாரிக்காரன் டயரு லட்சம் கிலோமீட்டரு ஓடோணும்னு வேண்டிக்குவான். இது ஒரு சீசன்ல தேஞ்சுபோகும், தேயறதுதான் அதோட வேலை. கணக்குப் போட்டு அழுதுக்கிட்டே வாங்கு, ஆனா வாங்கு. அலைன்மென்ட்டுக்குப் போறப்பப் பழைய புஸ்தகத்துல இருக்கற அளவை வெக்கவிடாதே. அது அந்தக் காலத்து நூல் டயருக்கு எழுதினது. சக்கரத்தோட தலை உள்பக்கம் சாயோணும், ஒண்ணரை ரெண்டு டிகிரியில ஆரம்பி. காஸ்டரையும் ஏத்திக்கோ. ஏத்தினா ஸ்டியரிங்கு கனமாகும், அதனால பவர் ஸ்டியரிங்கு கண்டிப்பா வேணும். தோள்பட்டை வலிக்காம ஓட்டோணுமில்ல? எல்லாருக்கும் சொல்றேன், பொதுவா.

லிஸ்ட்டுல இல்லாத இன்னொண்ணு, சாக்பீசு. ஆமா, பள்ளிக்கொடத்துச் சாக்பீசு. டயரோட தோள்ல கோடு போட்டு ஒரு ஓட்டம் ஓடு. கோடு எதுவரைக்கும் அழிஞ்சிருக்குதுன்னு பாரு. பக்கச்சுவரு வரைக்கும் அழிஞ்சா காத்து பத்தலை. தோளுக்கு வரவே இல்லைன்னா காத்து எச்சு. வண்டிக்கு நீ வாங்கற சாமான்லயே மலிவானதும் இதுதான், நெசம் பேசறதும் இதுதான்.

அப்பறம் அந்த சீட்டு. வழுவழுன்னு நீளமா ஒரு பெஞ்சு போட்டு வெச்சிருக்கறான். எடது வளைவுல நீ வழுக்கிக்கிட்டுப் போய் வலது கதவுல ஒட்டிக்குவே, ஸ்டியரிங்கைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டுத்தான் ஓட்டோணும். தொங்கறவன் கைக்கு டயரு பேசறது கேக்காது. நல்ல பக்கெட்டு சீட்டு ஒண்ணு போடு. ஆனா அசையாம வெல்டு வெச்சுப்போடாதே, முன்னாடி பின்னாடி நகர்ற ரயிலு வெச்சுப் போடு. நல்லா முன்னாடி வர்ற ரயிலாப் பாத்துப் போடு. குட்டையான ஆளுகளும் உக்கார வேண்டியிருக்கும், யாரு கண்டா.

இத்தனையும் செஞ்சுபோட்டு நீ போவே. பக்கத்துல ஒரு அம்மா, ரிட்டயரான டீச்சரு கணக்கா இருப்பாங்க, பழைய மஸ்டா மியாட்டாவுல வந்து எறங்குவாங்க. ஒரு டன்னு, சித்த முன்னப்பின்ன, அவ்வளவுதான் கனம். உன்ற வண்டியோட வீல்பேசு 115 இன்ச்சு, அதோடது 90-ஐக்கூடத் தொடாது. உனக்கு நாலு செகண்டு முன்னாடி முடிச்சுப்போட்டு, தண்ணி பாட்டிலைத் தொறந்துக்கிட்டே உன்ற வண்டியைப் பாத்து, அழகா இருக்குதுப்பான்னு சொல்லுவாங்க. அப்ப எஞ்சினைக் கொறை சொல்லாதே, டயரைக் கொறை சொல்லாதே. அந்த அம்மாகிட்டப் போய், ஒரு ஓட்டம் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கட்டுமான்னு கேளு. உன்ற லிஸ்ட்டுல இருக்கற எல்லாத்தையும் விட அது வேகம் குடுக்கும், செலவும் இல்ல. கால் நடந்து பாதையைப் பாக்க விடறப்ப போனை நோண்டாம நட. கூம்பு படுத்திருந்தா அது எந்தப் பக்கம் மூஞ்சியைக் காட்டுதோ அந்தப் பக்கம்தான் வழி. கண்ணு அடுத்த கூம்புல இருக்கக்கூடாது, அதுக்கும் அடுத்ததுல இருக்கோணும்.

எஞ்சினா? இருக்கறதே போதும் இந்த வருசத்துக்கு. மிச்சமாகற காசை நீ பேங்குல போடமாட்டேன்னு எனக்குத் தெரியும். அதுல ரெண்டு ஹெல்மெட்டு வாங்கு. ஏன் ரெண்டுன்னு முழிக்கறே? ஒரே வண்டியை ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டலாம்னு விதியில இருக்குதுன்னு உன்ற சினேகிதன்தான் சொன்னான். லைசென்சு இருந்தாப் போதுமாம். மேல் வயசு வரம்பு இருக்கறதா அவனும் சொல்லலை, நானும் கேக்கலை. என்ற லைசென்சு செல்லும், இன்டர்நேஷனல் பர்மிட்டும் பொட்டியில சேலைக்கு அடியில பத்தரமா இருக்குது. உங்க ஆத்தாகிட்ட மூச்சு விடாதே.

மொத ஓட்டம் நீயே ஓட்டு கண்ணு. காலங்காத்தால டயரு சில்லுன்னு இருக்கும், புடிக்காது. நீ நல்லாச் சூடு பண்ணி எறங்கு, நான் ஏறிக்கறேன்.